வீட்டிலேயே கணக்கு: ஆறு முதல் எட்டு வரை எந்தப் புத்தகத்தை எடுப்பது?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிற குடும்பங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக எனக்குச் சில பழக்கம். தமிழ், அறிவியல், வரலாறு பற்றிப் பேசும்போது அவர்கள் குரல் தெளிவாக இருக்கும். கணக்கு என்றதும் இறங்கிவிடும். "அஞ்சாவது வரைக்கும் நானே ஒப்பேத்திட்டேன். இனிமே என்னா பண்றதுன்னு தெரியலக்கா. எந்த புக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி நான் இரண்டு பேரைக் கெடுத்திருக்கிறேன். அதனால் இப்போது சொல்வதில்லை. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். படித்தது பி.காம். மகள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டாள், இப்போது எட்டாம் வகுப்புக் கணக்கில் பாதி வந்திருக்கிறாள். கணக்கு டீச்சருக்கான படிப்பு எதுவும் என்னிடம் இல்லை. செய்த தப்புகள் நிறைய இருக்கின்றன.

முதலில் காகிதம்

இதை ஒரே நாளில் முடித்துவிடலாம். 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அதன் பத்தாவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். உறவினர் கேட்டால் சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும்.

மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மனம் மாறினால், வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள அதே சட்டத்தின் நான்காவது பிரிவு வழி விடுகிறது.

எந்த வாசலில் போய் நிற்கப் போகிறோம்?

புத்தகத்தைத் தேடும் முன், பத்தாம் வகுப்பை எந்த வழியில் எழுதப்போகிறோம் என்று உத்தேசமாகவாவது முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உத்தேசமே இல்லாமல் ஆறாம் வகுப்பில் ஒன்று, ஏழாம் வகுப்பில் வேறொன்று என்று போனால், எட்டாம் வகுப்பு முடியும்போது நடுவில் எது விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அதில் தேறினால் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதும் பாதை திறக்கும். இந்த வழியில் கணக்கு கட்டாயம், சமச்சீர் பாடநூல்தான் அடித்தளம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பினால் போதும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஒரு மொழியோடு சேர்த்து ஐந்து பாடம், தேர்வு நம் விருப்பம். கணக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதைக் கேட்டதும் சில பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் கணக்கை விட்டவன் பதினாறு வயதில் பாலிடெக்னிக் போகிறேன் என்று வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். அங்கே அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன, 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்சிஇஆர்டி புத்தகம் வைத்திருப்பதைப் பார்த்து, நாமும் அதையே படித்து சிபிஎஸ்இ எழுதிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. வீட்டிலிருந்து நேராகப் போய் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பை முதல் தடவை எழுத முடியாது. அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பள்ளியில் சேர வேண்டும். அப்படிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் என்சிஇஆர்டி எடுங்கள். திறந்தநிலைப் பள்ளிதான் என்றால் சமச்சீர், என்சிஇஆர்டி இரண்டில் எதுவானாலும் சரி.

எட்டுக் கேள்வி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்றதையெல்லாம் அரைகுறையாகச் செய்தாலும் பரவாயில்லை.

பிள்ளை எந்த வகுப்பு என்பது வயதுக் கணக்கு. கணக்கில் எங்கே நிற்கிறது என்பது வேறு. ஒரு வெள்ளைத்தாளில் கீழே உள்ள எட்டையும் எழுதிக் கொடுங்கள். நேரம் குறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை உருட்டாதீர்கள். விடையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றுக்கும் "எப்படி யோசிச்ச?" என்று பிறகு கேளுங்கள்.

1. 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்?
2. 0.35, 0.4 இரண்டில் எது பெரியது?
3. 1/2 + 1/3 எவ்வளவு?
4. 3 ÷ 1/2 எவ்வளவு? இதற்கு ஒரு கதை சொல்.
5. −3 − (−5) எவ்வளவு?
6. 400 ரூபாய்ச் சட்டைக்கு 20 சதவீதம் விலை ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் என்ன விலை?
7. சுற்றளவு 20 செ.மீ. வரும்படி மூன்று செவ்வகம் வரை. எதற்குப் பரப்பு அதிகம்?
8. ஒரு படி உளுந்துக்கு நாலு படி அரிசி. வீட்டில் இரண்டரைப் படி அரிசிதான் இருக்கிறது. உளுந்து எவ்வளவு?

முதல் கேள்வி சின்னப் பிள்ளைக்கானது போலத் தெரியும். என் மகள் அதில் 12 என்று எழுதினாள். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள், சந்தேகமே இல்லை. "எப்படிடா?" என்றேன். "எட்டும் நாலும் பன்னெண்டும்மா." "அப்ப அந்த அஞ்சு?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது சும்மா இருக்கு" என்றாள்.

அவளுக்குச் சமக்குறி என்றால் 'விடையை இங்கே போடு' என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே எடை என்பது ஐந்து வருடப் பள்ளியில் அவள் காதில் விழவே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள்தான். இந்த நிலையில் இயற்கணிதப் புத்தகத்தை எடுத்து எக்ஸ், ஒய் என்று தொடங்கியிருந்தால் எல்லாமே மந்திரமாகியிருக்கும். நான் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய தராசு ஒன்றை எடுத்து வந்து பத்து நாள் அதோடு உட்கார்ந்தேன். (இரும்புக்கடையில் படிக்கல் தனியாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைத் தராசு வேண்டாம், அது எப்போதும் ஒரு பக்கம் சாயும்.)

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவதில் 0.35 பெரியது என்றால், 35-ஐயும் 4-ஐயும் ஒப்பிடுகிறது பிள்ளை. இடமதிப்பு தசமத்துக்குள் இன்னும் நுழையவில்லை. மூன்றாவதில் 2/5 வந்தால் பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல் இரண்டு எண்ணாகப் பார்க்கிறது. நான்காவதில் 6 என்று சரியாகச் சொல்லி, கதை சொல்ல வரவில்லை என்றால் 'தலைகீழாக்கிப் பெருக்கு' மனப்பாடம். 'மூணு தோசையைப் பாதி பாதியா கிழிச்சா ஆறு பேருக்கு' என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். ஐந்தாவது தெரியாவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரவாயில்லை, ஏழாம் வகுப்புக்குப் பார்க்க வேண்டும். ஆறாவதில் 384 வர வேண்டும். 400 என்று சொல்லாத பெரியவர்களையே நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எட்டாவதுக்கு விடை 5/8 படி. என் அப்பா இதைக் கேட்டுவிட்டு யோசிக்காமல் "அரையே அரைக்கால்" என்றார். 1/2-உம் 1/8-உம். அவர் மூன்றாம் பாரம், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு, தாண்டாதவர்.

எட்டில் ஆறு சரியாக வந்து, காரணமும் சொன்னால் வயதுக்குரிய வகுப்புப் புத்தகத்தையே எடுக்கலாம். மூன்று நான்கு தப்பினால், எந்த இடம் ஓட்டை என்று பார்த்து அதற்கு மட்டும் ஒரு மாதம், இரண்டு மாதம் கொடுங்கள். அதற்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் போதும். அட்டையில் '5' என்று இருப்பது பிள்ளைக்கு அவமானமாக இருந்தால் பழுப்பு அட்டை போட்டுவிடுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு கேள்வி

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் உங்களால் பக்கத்தில் உட்கார முடியும்? மனதுக்குள் தோன்றும் எண்ணில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சில புத்தகங்கள் பிள்ளையிடமே பேசும்: தானே வாசித்து, செய்து, விடை பார்த்துக்கொள்ளலாம். சில புத்தகங்கள் ஆசிரியரை நம்பி எழுதப்பட்டவை. பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. வகுப்பில் ஒருவர் விளக்குவார் என்று விட்ட இடைவெளிகள் அதில் நிறைய இருக்கும். கடை நடத்துகிறவர், வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை உள்ளவர் இதை யோசிக்காமல் புத்தகம் வாங்கக் கூடாது.

பயிற்றுமொழியும் இங்கேயே முடிவாக வேண்டும். பிள்ளைக்கு நினைப்பு எந்த மொழியில் ஓடுகிறதோ அதில் விளக்குங்கள், சொல்லை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. மீச்சிறு பொது மடங்கு, சரிவகம், இணைகரம் என்று இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல், கீழே அவள் கையால் ஒரு படம். பின்னால் எந்த மொழியில் தேர்வு எழுதினாலும் அது கை கொடுக்கும்.

கடைவீதியில் என்னென்ன இருக்கிறது

இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சமச்சீர் பாடநூல் ஆறு முதல் எட்டு வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப் வடிவில் இலவசம், அச்சுப் புத்தகமும் மலிவு. படிப்படியாக எடுத்துக்காட்டு, பிறகு பயிற்சி என்று ஒழுங்காகப் போகும். பாடத்துக்குள் கியூஆர் குறியீடு இருக்கும், ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் செய்துபார்க்கும் செயல்பாடுகளும் உண்டு. எனக்குப் பிடித்தது 'தகவல் செயலாக்கம்' என்ற பகுதி. பலர் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடும் இடம் அதுதான். ஒரு குறை: எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்து எண்ணை மட்டும் மாற்றிப் பயிற்சியைச் செய்து முடித்துவிடலாம். புரிந்ததா, நகலெடுத்ததா என்று புத்தகத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கூடவே 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் பார்க்கலாம்.

என்சிஇஆர்டியின் புதிய புத்தகம் 'கணித பிரகாஷ்'. ஆறாம் வகுப்புக்கு 2024-இல் வந்தது, ஏழு, எட்டுக்கு 2025-இல். பழைய புத்தகத்தைவிட மிகவும் மாறியிருக்கிறது, கேள்வி கேட்டுக் கேட்டுப் போகும். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் கப்ரேகர் என்ற கணக்கு ஆசிரியரின் மாய எண் வருகிறது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகவும், சிறியதிலிருந்து பெரியதாகவும் அடுக்கிக் கழிக்க வேண்டும், வந்த விடையை மறுபடி அப்படியே. 3524-ஐ எடுத்தால் 3087, 8352, பிறகு 6174. அதோடு நின்றுவிடும். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும் 6174-இல்தான் வந்து நிற்கும். என் மகள் அன்று முழுக்க வீட்டு ரேஷன் அட்டை, ஆதார், கேஸ் ரசீது என்று கண்ணில் பட்ட எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தாள். கழித்தல் பயிற்சி நாற்பது கணக்கு, ஒரு முணுமுணுப்பு இல்லாமல். ஆனால் இந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். தானே படி என்று கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போக முடியாது. பயிற்சிக் கணக்கும் போதாது, வெளியிலிருந்து சேர்க்க வேண்டும்.

கான் அகாடமி என்ற இணையதளம் இலவசம். இந்தியப் பாடத்திட்டப்படியும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டை அடைப்பதற்கு அருமை. இதையே முழுப் பாடமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் காகிதப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான் நின்றன. திரையில் மட்டும் இருக்கும் பாடத்தை முதுகெலும்பாக வைக்காதீர்கள்.

இனி வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள். வீட்டுக்கல்வி என்று தேடினாலே இவைதான் முன்னால் வந்து நிற்கும். பெரும்பாலும் அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களை மனதில் வைத்தவை.

சாக்ஸன் என்பது சுற்றிச் சுற்றி வரும் முறை. தினம் ஒரு சின்னப் புதுப் பாடம், அதன் பின்னால் பழையது எல்லாம் கலந்த நீளமான பயிற்சி. மறதிக்காரப் பிள்ளைக்கு நல்லது. ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதையே முழுக்கத் தோண்ட நினைக்கும் பிள்ளைக்கு எரிச்சலாக இருக்கும். சிங்கப்பூர் முறை எதிர்ப்பக்கம்: ஒன்றை ஆழமாக முடித்துவிட்டு அடுத்தது. முதலில் கையில் தொடும் பொருள், பிறகு படம், கடைசியில் எண். வார்த்தைக் கணக்கில் வரும் அளவுகளை நீளப் பட்டைகளாகப் படம் வரைந்து தீர்ப்பது அவர்கள் கைவண்ணம். விகிதம், சதவீதம் இரண்டுக்கும் அதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. எந்தப் புத்தகம் எடுத்தாலும் அந்தப் படத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள். மேத் மேமத் பிள்ளையிடம் நேரடியாகப் பேசும் பயிற்சிப் புத்தகம், பிடிஎஃப் வாங்கி அச்சடித்துக்கொள்ளலாம். உட்கார நேரமில்லாத பெற்றோருக்கு இது ஒத்துவரும். ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் முதலில் கணக்கைக் கொடுத்துத் திணற விட்டுவிட்டு அப்புறம் விளக்கும். கணக்கில் பசி உள்ள பிள்ளைக்கு விருந்து. மற்றவர்களுக்குத் தினமும் கண்ணீர்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்ல இதுதான் இடம். பெயர் வேண்டாம், புத்தகத்தின் மேல் குற்றமில்லை. எல்லோரும் புகழ்கிறார்கள் என்று ஒரு முழு செட்டை வரவழைத்தேன். கப்பல் செலவும் சேர்ந்து, வீட்டில் யாரிடமும் தொகையைச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கணக்கு வந்தது: ஒருவனிடம் ஐந்து குவார்ட்டரும் மூன்று டைமும் (இரண்டும் அமெரிக்கச் சில்லறைக் காசு) இருந்தால் மொத்தம் எவ்வளவு? மகள் சத்தமாகப் படித்தாள். "குவார்ட்டர்னா என்னம்மா?" ஊஞ்சலில் இருந்த என் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. புதுச்சேரி எல்லையில் உட்கார்ந்துகொண்டு ஐந்து குவார்ட்டர் கணக்கு.

சிரிப்புக்கு அப்பால் உண்மையான தொல்லை இருக்கிறது. அமெரிக்கப் புத்தகத்தில் அங்குலம், பவுண்டு, கேலன் வரும். இலட்சம், கோடி கிடையாது, காற்புள்ளி மூன்று மூன்று இலக்கமாகத்தான் விழும். நாம் சரிவகம் என்பதை அங்கே வேறு ஆங்கிலப் பெயரில் அழைப்பார்கள். மீப்பெரு பொதுக் காரணிக்கும் பெயர் வேறு. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் தினமும் நான்கு வந்தால், பிள்ளை கணக்கை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறது. சிங்கப்பூர் புத்தகத்தின் மூலப் பதிப்பில் அலகுகள் மெட்ரிக், அந்தத் தலைவலி குறைவு. அமெரிக்கப் பதிப்பு என்றால் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரே பாடம், மூன்று புத்தகம்

பெயரை மறந்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். பின்னத்தால் வகுத்தல், அல்லது பரப்பளவு, ஏதோ ஒரு பாடம். மூன்று புத்தகத்திலும் அந்தப் பாடத்தை மட்டும் வாசியுங்கள். மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலானவற்றுக்கு இலவசமாகவே கிடைக்கும். விதி முதலில் வருகிறதா, காரணம் முதலில் வருகிறதா? படம் அலங்காரத்துக்கா, வேலை செய்கிறதா? விதி மறந்துபோனால் இந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளையால் அதைத் திரும்ப உருவாக்க முடியுமா?

நான் எடுத்த பாடம் பரப்பளவு. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு நிலத் தகராறு. தகராறு என்றால் வாய்ப்பேச்சுதான்.

என் அப்பாவுக்குப் பாகூர்ப் பக்கம் அரைக் காணி. மாமனாருக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு மா. காணி, மா, குழி எல்லாம் பழைய நில அளவு. பொங்கலுக்கு இரண்டு தாத்தாவும் ஒன்றாக உட்கார்ந்தபோது மகள் கேட்டாள், "யாருக்கு நெலம் ஜாஸ்தி?"

"நம்மளுதும்மா. அரைக் காணி, அம்பது குழி" என்றார் என் அப்பா.

"இங்க எரநூறு குழி இருக்கு, சம்மந்தி" என்றார் மாமனார். மகள் கண்ணில் மாமனார் நாலு மடங்கு பணக்காரர் ஆகிவிட்டார்.

நோட்டை எடுத்து வரச் சொன்னேன். வடக்கே கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. தெற்கே டெல்டாப் பக்கம் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அளக்கும் கோல் இரண்டு மடங்குதான் நீளம். "அப்ப ரெண்டு மடங்கு" என்றாள். கட்டம் போட்ட தாளில் வரையச் சொன்னேன். பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம் நான்கு உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே பெருக்கினாள்: 50 × 576 = 28,800. 200 × 144 = 28,800. இரண்டும் ஏறக்குறைய 66 சென்ட். இரண்டு தாத்தாவுக்கும் ஏமாற்றம்.

பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. இதைத்தான் நான் புத்தகங்களில் தேடினேன். ஒன்று அதை ஒரு பெட்டிக்குள் விதியாக எழுதியிருந்தது. இன்னொன்று கட்டத் தாளைக் கொடுத்து, பக்கத்தை இரட்டித்து எண்ணிப் பார்க்கச் சொன்னது, மூன்று மடங்காக்கினால் என்ன ஆகும் என்று கேட்டது, விடையைச் சொல்லவில்லை. நான் எதை எடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

எடுத்தது ஒன்று என்றாலும் அதை மட்டும் வைத்து ஓட்டவில்லை. எங்கள் ஏற்பாடு இது: சோறு மாதிரி ஒரு புத்தகம், வரிசையாக, பக்கம் விடாமல். குழம்பு மாதிரி இன்னொன்று, வாரத்தில் ஒரு நாள், வரிசை தேவையில்லை, யோசிக்க வைக்கும் கணக்கு மட்டும். மூன்றாவது புத்தகம் வாங்கத் தோன்றினால் அது பெற்றோரின் பதற்றம். ஆறாம் வகுப்புக்கு வருகிற, தமிழ்நாட்டு வழியில் தேர்வு எழுதப்போகிற, தினம் முக்கால் மணி நேரம் உட்கார முடிகிற குடும்பம் என்றால் சமச்சீரைச் சோறாகவும் கணித பிரகாஷைக் குழம்பாகவும் வைக்கச் சொல்வேன். செலவு மிகக் குறைவு என்பதால் சந்தேகப்படாதீர்கள்.

இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

புது வருடக் கணக்கை ஜூன் முதல் தேதி தொடங்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. மே மாதத்தில் இரண்டு வாரம், ஒரு பாடம் மட்டும். அதற்குள் மூன்று விஷயம் கவனியுங்கள். பத்துக் கணக்கில் ஏழெட்டு சரியாக வருகிறதா? பத்தும் சரி என்றால் புத்தகம் எளிது, நான்கு ஐந்துதான் என்றால் கடினம். முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு நாள் பாடம் முடிகிறதா? தப்பானதை மறுபடி செய்ய உட்காருகிறதா, அல்லது புத்தகத்தைக் கண்டாலே தண்ணீர் குடிக்க ஓடுகிறதா?

இரண்டு வாரத்தில் ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். அதைத் தாண்டிவிட்டால் ஒரு பருவம் முடியும் வரை மாற்றாதீர்கள். அக்டோபரில் யாரோ ஒரு புத்தகத்தைப் புகழ்வார்கள். எப்போதும் அக்டோபரில்தான். காது கேட்காதது மாதிரி இருந்துவிடுங்கள். பாடத்தின் வரிசை புத்தகத்துக்குப் புத்தகம் வேறு. நடுவில் தாவினால் எதிர்ம எண்கள் இரண்டு தடவை வரும், விகிதசமம் ஒரு தடவைகூட வராமல் போகும். புதுச்சேரியில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. எட்டாம் வகுப்பில் வந்து கண்டுபிடித்தார்கள்.

தினசரி நடப்பு

காலையில், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, முக்கால் மணி நேரம். முதல் பத்து நிமிடம் பழைய கணக்கு நான்கு. பிறகு புதுப் பாடம். கடைசியில் அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், நான் மக்கு மாணவி. நிஜமாகவே பல நாள் மக்கு மாணவிதான், நடிக்க வேண்டியதில்லை.

தப்பு நோட்டு என்று ஒன்று தனியாக வையுங்கள். தப்பான கணக்கை அழிக்கக் கூடாது. அப்படியே எடுத்து எழுதி, பக்கத்தில் எங்கே வழுக்கியது என்று ஒரு வரி. 'குறி மறந்தேன்', 'கேள்வியை முழுசா படிக்கல', 'இது புரியவே இல்ல'. மாதம் ஒரு முறை அந்த நோட்டைப் புரட்டினால் அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். 'குறி மறந்தேன்' பதினெட்டு தடவை வந்த மாதம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு.

விடைப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், ஒரு பாடம் முழுக்கச் செய்து முடித்த பிறகு, சிவப்புப் பேனாவோடு. பார்த்து எழுதினால் தெரிந்துவிடும். வழிமுறை மூன்று வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரியில் விடை மின்னும்.

எட்டாம் வகுப்புக் கணக்கு உங்கள் கைக்கு மீறிப் போனால் டியூஷன் சாரிடம் போவதில் வெட்கமில்லை. வாரம் ஆறு நாள் வேண்டாம். தப்பு நோட்டை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை போய், இந்த ஐந்து கணக்கு மட்டும் என்று கேளுங்கள். முதலில் அவருக்கு விநோதமாக இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் இப்போது அதற்குப் பழகிவிட்டார்.

நோட்டுகளில் தேதி போட்டு வையுங்கள், பழையதை எடைக்குப் போடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் சேர்க்கப் போனால் தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியல் கேட்பார். நம்மிடம் இருக்காது. நீட்டுவதற்கு அந்த நோட்டுக் கட்டுதான் இருக்கும், தப்பு நோட்டையும் சேர்த்தே கட்டுங்கள். அந்த எட்டுக் கேள்வியை ஒவ்வொரு மே மாதமும் எண்ணை மட்டும் மாற்றி மறுபடி கொடுங்கள், அந்தத் தாளும் அதே கட்டில் போகட்டும். போன மே மாதம் சமக்குறிக் கணக்கைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள், "இதப் போயி யாரும்மா தப்பா போடுவாங்க?" முதல் வருடத் தாளை எடுத்துக் காட்டினேன். நம்பவில்லை, கையெழுத்து தன்னுடையது இல்லை என்றாள்.